கார்ப் பந்தய ஆட்டமும் ரசிகர் எதிர்பார்ப்பும்

மாலை நேரங்களில் நமது விடுதியின் பொது அறையில் மாணாக்கர் கூடிப் பேசுவன பல. தேர்வைப் பற்றிய அச்சமும் கிரிக்கெட்டைப் பற்றிய வாதமும் அங்கு என்றும் உள்ளவை. சில காலமாக அவற்றோடு மற்றொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. பார்முலா ஒன் எனப்படும் உலகப் பெருங் கார்ப் பந்தயத்தின் அதிகாரபூர்வமான வீடியோ ஆட்டம், 2027-ஆம் ஆண்டில் புதியதோர் உருவோடு வெளிவரும் என்ற செய்தியே அது. அவ்வாட்டம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் அபிப்பிராயம் உடையவராயிருக்கின்றனர். ஒருவர் பழைய கார்கள் வேண்டும் என்பார். ஒருவர் மழைக் காலப் பந்தயம் இன்னும் மெய்யாக இருக்க வேண்டும் என்பார். மற்றொருவர், எதிராளிகள் தம்மேல் வந்து முட்டாமல் ஓடினால் அதுவே போதும் என்பார். இவ்வாதங்களை ஓரமாக அமர்ந்து கேட்டு வந்த யான், என் கருத்தையும் ஈண்டுக் கூறத் துணிந்தேன்.

திரையில் ஆடும் விளையாட்டைக் குறித்துக் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதுவது தகுமோ எனப் பெரியோர் சிலர் ஐயுறக் கூடும். அவர்கட்கு இரண்டு செய்திகளை மட்டும் நினைவூட்டுகின்றேன். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பெருந்தொற்றின் காரணமாக ஆஸ்திரேலியப் பந்தயம் கைவிடப்பட்டு, அதன் பின்னர் மாதக்கணக்கில் பந்தயங்கள் நின்றுபோயின. அப்பொழுது அதிகாரிகள் அவற்றின் இடத்தில் இவ்வாட்டத்தைக் கொண்டே போட்டிகள் நடத்தினர். மெய்யான பந்தய வீரராகிய லாண்டோ நாரிஸ், சார்ல்ஸ் லெக்லேர், ஜார்ஜ் ரஸ்ஸல் முதலியோர் தத்தம் இல்லத்தில் இருந்தவாறே அவற்றில் கலந்துகொண்டனர். இது ஒன்று. துருக்கி நாட்டைச் சேர்ந்த ஜெம் பொலுக்பாஷி என்னும் இளைஞர், இவ்வாட்டத்தின் போட்டிகளில் முதலில் அறியப்பட்டு, பின்னர் மெய்யான கார்களில் ஏறி, 2022-ஆம் ஆண்டில் பார்முலா டூ பந்தயத்திற் பங்கு பெற்றார். இது மற்றொன்று. ஒரு பந்தயக் காரின் விலையைக் கனவிலும் எண்ண இயலாத ஏழை மாணாக்கனும், வளைவில் எவ்விடத்தில் பிரேக் பிடிப்பது, எவ்விடத்தில் வேகங் கூட்டுவது, டயர் தேயாமல் ஓட்டுவது எங்ஙனம் என்பவற்றை ஒருவாறு கற்றுக்கொள்ள இவ்வாட்டம் ஒன்றே வழி. ஆதலின் அது செவ்வையாக இருத்தல் வேண்டும் என்று விரும்புவது வீண் விருப்பமன்று.

இனிச் செய்தியைச் சிறிது விளக்குவோம். இங்கிலாந்து தேசத்துக் கோட்மாஸ்டர்ஸ் என்னும் நிறுவனம், 2009 முதல் ஆண்டு தவறாது இப்பந்தயத்தின் அதிகாரபூர்வ ஆட்டத்தை வெளியிட்டு வந்தது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. ஆயினும் ஆண்டுக்கு ஓர் ஆட்டம் என்னும் வழக்கம் மாறவில்லை. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'எப் ஒன் 25' வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில், 2026-ஆம் ஆண்டிற்கெனத் தனி ஆட்டம் வெளிவராதென்றும், அவ்வாண்டின் புதிய கார்களும் குழுக்களும் முந்தைய ஆட்டத்திற்கே கட்டணப் பிற்சேர்க்கையாக வழங்கப்படுமென்றும், முற்றிலும் புதிய ஆட்டம் 2027-இல் வருமென்றும் அறிவித்தனர். பல்லாண்டுகளாக ஆண்டுதோறும் புதிய பெட்டியில் பழைய பண்டம் வருகிறதென்று முறையிட்டவர், இவ்வறிவிப்பைக் கேட்டு மகிழ்ந்தனர். பிற்சேர்க்கைக்கும் பணங் கேட்கின்றனரே என்று சினந்தவரும் உளர். எவ்வாறாயினும், எதிர்பார்ப்பு முன்னெப்பொழுதும் இல்லாத அளவு பெருகியிருக்கிறது.

இவ்வெதிர்பார்ப்பில் தகுவது எது, தகாதது எது என்று பிரித்தறிய, அதிகாரபூர்வ உரிமம் என்பது யாதென முதலில் தெளிதல் வேண்டும். குழுக்களின் பெயர், கார்களின் வண்ணம், வீரர்களின் முகம், பந்தயப் பாதைகளின் வடிவம், தொலைக்காட்சியில் நாம் காணும் எழுத்தும் இசையும் ஆகிய இவற்றையெல்லாம் ஆட்டத்திற் பயன்படுத்திக்கொள்ள, உரியோர் பணம் பெற்றுக்கொண்டு அளிக்கும் அனுமதியே உரிமம். அதனாற் பெறும் நன்மையைக் குறைத்துக் கூறுதல் நேர்மையாகாது. நம்மவர்க்கு அணுக்கமான ஒரு சான்று சொல்வேன். கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005-ஆம் ஆண்டில் ஜோர்டான் குழுவின் காரில் ஓடி, பார்முலா ஒன் பந்தயத்திற் புகுந்த முதல் இந்தியர் ஆனார். 2011-இல் அவர் எச்.ஆர்.டி. குழுவில் இருந்தார். அவ்வாண்டு அக்டோபர் 30-ஆம் நாள் தில்லிக்கு அணித்தான புத் பந்தயப் பாதையில் முதல் இந்தியப் பந்தயம் நடைபெற்றது. அதற்கு ஒரு மாதத்திற்கு முன்னரே, செப்டம்பரில், அவ்வாண்டின் ஆட்டம் வெளிவந்துவிட்டது. அதில் புத் பாதையும் இருந்தது. கார்த்திகேயன் பெயரும் இருந்தது. முதற் பந்தயம் நடக்குமுன்னரே அதே பாதையில், நம் நாட்டு வீரர் பெயரோடு, நாமும் ஓட்டிப் பார்க்கலாயிற்று. உரிமம் பெறாத ஆட்டம் எதுவும் இம்மகிழ்ச்சியை அளித்திராது.

ஆயின் உரிமம் பெயரைத் தருமேயன்றி ஆட்டத்தைத் தருவதில்லை. இதற்கு மூன்று சான்றுகள் போதும். 1990-களின் தொடக்கத்தில் ஜெப் கிராமண்ட் என்னும் ஆங்கிலேயர் அமைத்து, மைக்ரோப்ரோஸ் நிறுவனம் வெளியிட்ட பார்முலா ஒன் ஆட்டத்திற்கு அதிகாரபூர்வ உரிமம் இல்லை. வீரர்களின் பெயர்கள் கற்பனைப் பெயர்கள். விரும்பியவர் மெய்ப்பெயர்களைத் தாமே எழுதிச் சேர்த்துக்கொண்டனர். எனினும் காரின் இயல்பை அது காட்டிய முறையால், இன்றளவும் மூத்த ரசிகர் அதனைப் போற்றுகின்றனர். இதற்கு மாறாக, அமெரிக்க நாஸ்கார் பந்தயத்தின் உரிமத்தோடு 2021 அக்டோபரில் வெளிவந்த 'இக்னிஷன்' என்னும் ஆட்டத்தில் பெயர்களுக்குக் குறைவில்லை, பிழைகளுக்கும் குறைவில்லை. வாங்கியவர் வசைபாடும் நிலையே அதற்கு நேர்ந்தது. மூன்றாவது சான்று இவற்றினும் விசித்திரமானது. அதே நிறுவனம் 2021-இல் இண்டிகார் பந்தயத்தின் உரிமத்தையும் பெற்றது. 2023-இல் அவ்வுரிமம் முடிவுற்றது. இடையில் ஆட்டம் ஒன்றும் வெளிவரவேயில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது.

மேலும் ஒன்று கருதத்தக்கது. இத்தகைய உரிமம் பெரும்பாலும் ஒருவர்க்கே உரித்தாக வழங்கப்படுகிறது. ஆகவே, பார்முலா ஒன் பந்தயத்தின் அதிகாரபூர்வ ஆட்டத்தை விரும்புவோர் வேறொரு கடைக்குச் செல்ல இயலாது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்பர். போட்டியாளன் ஒருவன் இருந்தால், அவன் அச்சமே செய்பவனைத் திருத்தும். போட்டியாளன் இல்லாதவிடத்துத் திருத்துவதற்கு எஞ்சியிருப்பது வாங்குவோர் எதிர்பார்ப்பு ஒன்றே. ஆதலாற்றான் இவ்வெதிர்பார்ப்பை அற்பமென்று தள்ளாது, அதனைச் செம்மைப்படுத்த வேண்டுமென்கிறேன். எதனையும் எல்லாவற்றையும் ஒருங்கே கேட்பவனுக்கு, கொடுப்பவன் தனக்கு எளிதானதைக் கொடுத்துவிட்டுப் போவான். 2022-ஆம் ஆண்டின் ஆட்டத்தில் ஆடுவோர் தமக்கென ஓர் அறையை அலங்கரித்துக்கொள்ளவும், நாற்காலி சோபா முதலியன வாங்கிப் போடவும், ஆடையணிகளை மாற்றிக்கொள்ளவும் வசதி செய்திருந்தனர். பந்தயங் காண வந்தவர்க்குத் தச்சன் கடையைக் காட்டியது போலாயிற்று. இத்தகைய அலங்காரங்களை ஒதுக்கிவிட்டு, மூன்றே எதிர்பார்ப்புகளில் நாம் உறுதியாக நிற்றல் நலம்.

முதலாவது, காரின் இயல்பு மெய்யாக இருத்தல். 2026-ஆம் ஆண்டின் விதிகளால் பந்தயக் காரே மாறிவிட்டது. முன்பு 120 கிலோவாட் அளவினதாயிருந்த மின்னாற்றல் 350 கிலோவாட்டாக உயர்ந்து, காரின் மொத்த வலிமையில் ஏறத்தாழப் பாதி மின்சாரத்தால் வருவதாயிற்று. இவ்வாற்றல், பிரேக் பிடிக்கும்போதும் வேகந் தணியும்போதும் சேர்ந்து, வேகங் கூட்டும்போது செலவாகும். நேர்ப்பாதையின் தொடக்கத்திலேயே அனைத்தையும் செலவிட்டவன் அதன் முடிவில் வலிவிழந்து பின்தங்குவான். அளவறிந்து சேமித்தவன் அவனைக் கடந்து செல்வான். முன்னும் பின்னும் உள்ள இறக்கைகள் நேர்ப்பாதையில் ஒரு நிலையிலும் வளைவில் மற்றொரு நிலையிலும் நிற்கின்றன. 2011 முதல் 2025 வரை, முன்செல்பவனை நெருங்கியவனுக்கு மட்டும் பின்னிறக்கையைத் திறக்கும் சலுகை இருந்தது, அது நீக்கப்பட்டது. சுருங்கச் சொல்லின், கால் வலிமையோடு கணக்கறிவும் வேண்டப்படும் பந்தயமாக இது மாறியிருக்கின்றது. இக்கணக்கை ஆடுவோன் கையில் ஒப்படைத்து, தவறு செய்தால் தண்டனையையும் அவனே உணரும்படி அமைப்பதே புதிய ஆட்டத்தின் தலையாய கடமை. ஒரு பொத்தானை அழுத்தினால் முன்னே பாயும் கருவியாக அதனைக் குறுக்கிவிட்டால், பதினொரு குழுக்களின் வண்ணங்களையும் தீட்டி வைத்தும் பயனில்லை. 2024-ஆம் ஆண்டின் ஆட்டத்தில் கார் ஓடும் முறையை மாற்றியபோது, அது இயல்பாக இல்லையென்று ரசிகர் உரத்து முறையிட்டனர். வெளியிட்ட பின்னரே அதனைத் திருத்த நேர்ந்தது. அவ்வனுபவம் மறக்கத்தக்கதன்று.

இரண்டாவது, நடுநிலை. தனித்து ஆடுவோனுக்கு எதிராளிகள் எல்லோரும் கணினியால் இயங்குபவர். அவர்கள் தண்டவாளத்தில் ஓடும் வண்டியைப் போல ஒரே வரியில் ஓடினால், அது பந்தயமாகாது. மெய்யான வீரர் பதறுவர், பிழைப்பர், ஒருவர்க்கொருவர் இடங்கொடுப்பர், சில வேளை கொடாது பிடிவாதஞ் செய்வர். இக்குணங்கள் எதிராளிகளிடம் தோன்றுதல் வேண்டும். அன்றியும், இடித்தவனை விட்டுவிட்டு இடிபட்டவனுக்கு அபராதம் விதிக்கப்படுகிறதென்பது ஆடுவோர் நெடுங்காலமாகக் கூறும் குறை. பிறரோடு இணைந்து ஆடும் போட்டிகளில் இக்குறை இன்னும் கொடியது. முரடன் முதல் வளைவிலேயே நால்வரைத் தள்ளிவிட்டு முந்துவான். ஒழுங்காக ஓட்டுபவன் வெறுத்து விலகுவான். விளையாட்டு மைதானத்தில் நடுவர் எத்துணை இன்றியமையாதவரோ, திரையிலும் அத்துணை இன்றியமையாதவர். இதனைச் செய்வது எளிதன்று என்பதை யான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஆண்டுதோறும் வெளியிடும் அவசரத்திற் செய்ய இயலாதவற்றைச் செய்வதற்காகவன்றோ இப்பொழுது ஓராண்டு நிறுத்தியிருக்கின்றனர்!

மூன்றாவது, காப்பு. இதனை ரசிகர் மிகுதியாகப் பேசுவதில்லை. எனக்கோ இதுவே மிக முக்கியமாகத் தோன்றுகிறது. முன்னர்க் கூறிய புத் பாதையை மீண்டும் நினைவு கூர்க. இந்தியப் பந்தயம் 2013-ஆம் ஆண்டோடு நின்றது. அடுத்த ஆண்டின் ஆட்டத்தில் அப்பாதை இல்லை. மெய்யுலகில் நின்றது ஆட்டத்திலும் மறைந்தது. அதே 2013-ஆம் ஆண்டு ஆட்டத்தில்தான் பழைய காலத்துக் கார்களையும், பிராண்ட்ஸ் ஹாட்ச், எஸ்டோரில் முதலிய பழைய பாதைகளையும் சேர்த்து ரசிகர் மனத்தைக் கவர்ந்தனர். 2017-ஆம் ஆண்டில் பழைய கார்கள் மீண்டும் வந்தன. 2021-ஆம் ஆண்டில் மறுபடியும் போயின. உரிமம் என்பது காலவரையறை உடையது. அது தீர்ந்தவுடன் விற்பனையும் நின்றுவிடும். 'போர்சா ஹொரைசன் 4' என்னும் புகழ்பெற்ற கார் ஆட்டம் இத்தகைய உரிமங்கள் முடிவுற்றதனால் 2024 டிசம்பர் 15-ஆம் நாளோடு விற்பனையினின்று நீக்கப்பட்டது. 'தி க்ரூ' என்னும் மற்றொரு கார் ஆட்டத்தின் நிலையோ இன்னும் மோசம். அதனை இயக்கிய கணினிகளை 2024 மார்ச்சு இறுதியில் நிறுத்திவிட்டமையால், பணங் கொடுத்து வாங்கியவரும் அதனை ஆட இயலாதாயிற்று. அதனாற் பிறந்த கிளர்ச்சி, ஐரோப்பாவில் 2025-ஆம் ஆண்டில் பத்து லட்சத்திற்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பமாக வளர்ந்தது. ஒரு புத்தகத்தை வாங்கினோமானால், பதிப்பகம் மூடப்பட்ட பின்னரும் அது நம் அலமாரியில் இருக்கும். பந்தய ஆட்டம் ஒவ்வோர் ஆண்டின் கார்களையும் வீரரையும் பாதையையும் பதிந்து வைத்த ஆவணமாதலின், அதற்கும் அவ்வுரிமை வேண்டும். புதிய ஆட்டம் இனி ஆண்டுதோறும் மாற்றி எழுதப்படாமல் பல்லாண்டு நிலைப்பதாயின், சென்ற ஆண்டுகளை அழித்து எழுதாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

இங்கு ஒரு மறுப்பும் எழலாம். "ஆண்டுதோறும் வெளிவந்ததனால் அன்றோ 2011-இல் நம் நாட்டுப் பாதை உடனுக்குடன் கிடைத்தது? நிறுத்தி நிறுத்தி வெளியிட்டால் அப்புதுமை குன்றாதோ?" என நண்பர் ஒருவர் என்னை வினவினார். வினா நியாயமானதே. ஆனால் ஒரு பாதையையோ குழுவையோ புதிதாகச் சேர்ப்பதற்கு முழு ஆட்டத்தையும் மீண்டும் விற்பது அவசியமில்லை. 2026-ஆம் ஆண்டின் பிற்சேர்க்கையே அதற்குச் சான்று. பொறுத்திருந்து செய்தால் நன்மை விளையும் என்பதற்கும் அண்மையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நாஸ்கார் பந்தயத்தின் உரிமம் 2023-இல் ஐரேசிங் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அவர்கள் அடுத்த ஆண்டே எதனையேனும் வெளியிட்டுக் காசாக்க முயலாது, இரண்டாண்டுகள் உழைத்து, 2025 அக்டோபரில் தம் ஆட்டத்தை வெளியிட்டனர். பதறிச் செய்த முன்னவர் பெற்ற இகழ்ச்சியை இவர் பெறவில்லை.

இறுதியாக, ரசிகர்க்கும் ஒரு கடமை உண்டென்பதை மறத்தலாகாது. முன்னோட்டப் படம் ஒன்றைக் கண்டவுடன், ஆட்டம் வெளிவருமுன்னரே பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னர்ப் புலம்புவோர் நம் விடுதியிலும் உளர். பணத்தை முன்னரே பெற்றுவிட்டவனிடம் குறை கூறுவதால் ஆவதென்ன? வெளிவந்த பின்னர், ஆடியவர் சொல்லக் கேட்டு, தகுதியறிந்து வாங்குபவன் சொல்லுக்கே வலிமை உண்டு. அன்றியும், குறை கூறுங்கால் இன்ன பாதையில், இன்ன வளைவில், இவ்வாறு நேர்கிறது என்று தெளிவாகக் கூறுதல் வேண்டும். ஆட்டத்தை அமைக்கும் ஊழியர் மேல் வசைமாரி பொழிவது நாகரிகமன்று. அவர்களுள் பலர் நம்மைப் போலவே இப்பந்தயத்தில் காதல் கொண்டு அத்தொழிலுக்கு வந்தவர். எத்துணைக் காலத்தில் முடிக்க வேண்டுமென்று முடிவு செய்பவர் அவர்களல்லர்.

பெயரும் வண்ணமும் எப்படியும் வந்துவிடும். அவற்றிற்கெனவே உரிமம் வாங்கியிருக்கின்றனர். கார் மெய்யாக ஓட வேண்டும், நடுவர் நேர்மையாக இருக்க வேண்டும், வாங்கியது நம்மிடம் நிலைக்க வேண்டும். இம்மூன்றும் 2027-இல் கிடைக்குமாயின், நம் விடுதிப் பொது அறையில் வாதம் குறைந்து பந்தயம் மிகும். கிடையாவாயின், பழைய ஆட்டத்தையே இன்னும் சில காலம் ஆடிக்கொண்டிருப்பதால் நமக்கு யாதொரு நஷ்டமும் இல்லை. அவ்வளவு பொறுமை நம்மிடம் இருக்குமென்று அவர்கள் உணர்ந்தாலே, ஆட்டம் நன்கு அமைவதற்குப் பாதி வழி கடந்தாயிற்று என்பது எளியேன் கருத்து.